நாடாளுமன்றம் இல்லாத நாட்டில் பாட்டு செய்த வேலை

1999 ஜூலை 1, எடின்பரோ. ஸ்காட்லாந்துக்கு மறுபடியும் ஒரு நாடாளுமன்றம் கிடைத்த நாள். சொந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை, அதனால் ஸ்காட்லாந்து திருச்சபையின் பேரவை மண்டபத்தில்தான் விழா. ராணி எலிசபெத் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஷீனா வெலிங்டன் என்ற நாட்டுப்புறப் பாடகி எழுந்து நின்றார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ராபர்ட் பர்ன்ஸ் 1795-ல் எழுதிய ஒரு பாட்டை எடுத்தார். பட்டமும் பதவியும் நாணயத்தின் மேல் குத்திய முத்திரைதான், தங்கம் என்பது மனிதன் என்று சொல்லும் பாட்டு அது. பிரபு என்ற பெயரோடு நெஞ்சை நிமிர்த்தி நடப்பவனை, ஆயிரம் பேர் அவன் பேச்சுக்குக் கைகட்டி நின்றாலும் அவன் மடையன்தான் என்று சொல்கிற பாட்டு. அரச குடும்பத்தின் முன்னால் அது ஒலித்தது. கடைசிச் சரணத்தில் உறுப்பினர்களும் சேர்ந்து பாடினார்கள்.

ஒரு நாடாளுமன்றத்தைத் திறக்க ஏன் பாட்டு? அதுவும் ஏன் அந்தப் பாட்டு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், ஸ்காட்லாந்துக்காரர்களின் தேசிய உணர்வு இத்தனை காலம் எங்கே குடியிருந்தது என்பது பிடிபடும்.

1707-ல் ஸ்காட்லாந்தின் பழைய நாடாளுமன்றம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு இங்கிலாந்தோடு இணைந்தது. "ஒரு பழைய பாட்டு முடிந்தது" என்று அன்றைய சான்சலர் சீஃபீல்ட் பிரபு சொன்னதாக வழங்குகிறது. ஆனால் எல்லாமே போய்விடவில்லை. ஸ்காட்லாந்தின் சட்டமுறை தனியாகவே இருந்தது. திருச்சபை தனி. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தனி. போனது, நாட்டு மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசி, சண்டை போட்டு, முடிவெடுக்கும் பொது மேடை. அடுத்த 292 ஆண்டுகள் அந்தச் சண்டை வேறு இடங்களில் நடந்தது. துணியில் நடந்தது, நாவலில் நடந்தது, கிராமத்து மண்டபங்களில் போட்ட நாடகத்தில் நடந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டில் நடந்தது.

இதை ஏன் சண்டை என்று சொல்கிறேன் என்றால், ஸ்காட்லாந்துப் பண்பாடு என்றதும் நம் கண்ணில் வரும் காட்சியே ஒரு சண்டையின் ஒரு தரப்பு மட்டும்தான். பாவாடை மாதிரி இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கில்ட், பையில் காற்றடைத்து ஊதும் பேக்பைப், மூடுபனி படிந்த மலை, கொம்பு விரித்த கலைமான். பிஸ்கட் டப்பாவின் மேல் இருக்கும் ஸ்காட்லாந்து அது. அந்த டப்பா எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

தடை செய்த துணி, அரசன் உடுத்திய துணி

ஸ்காட்லாந்துக்குள்ளேயே இரண்டு உலகங்கள் இருந்தன. வடக்கிலும் மேற்கிலும் மலையும் தீவும் நிறைந்த ஹைலேண்ட்ஸ். அங்கே பேசியது கேலிக், அயர்லாந்து மொழிக்கு நெருங்கிய சொந்தம். மக்கள் குலத் தலைவர்களின் கீழ் வாழ்ந்தார்கள். தெற்கிலும் கிழக்கிலும் லோலேண்ட்ஸ். அங்கே பேசியது ஸ்காட்ஸ், ஆங்கிலத்தோடு கூடப்பிறந்த மொழி, ஆனால் தனி இலக்கியமும் தனிச் சொல்வளமும் கொண்டது. எடின்பரோ, கிளாஸ்கோக்காரர்களுக்கு ஹைலேண்டர் என்றால் நீண்ட காலம் மாடு திருடுகிறவன், நாகரிகம் தெரியாதவன். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது எவ்வளவு விசித்திரம் என்று புரியும்.

1746 ஏப்ரலில் கலோடன் வெளியில், பிரிட்டிஷ் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸுக்காகப் போராடிய படை ஒரு மணி நேரத்துக்குள் நசுங்கியது. அதன் முதுகெலும்பு ஹைலேண்ட் குலங்கள். அந்தக் குல வாழ்வை வேரோடு பிடுங்க லண்டன் அரசு சட்டம் போட்டது. 1747 ஆகஸ்டிலிருந்து ஹைலேண்ட் உடையை ஆண்கள் அணிவது குற்றம். விதிவிலக்கு பிரிட்டிஷ் படையின் ஹைலேண்ட் ரெஜிமென்ட்டுகளுக்கு மட்டும். தன் ஊரில் கில்ட் கட்டினால் சிறை, அரசனுக்காகச் சாகப் போனால் கில்ட் கட்டலாம். 35 ஆண்டுகள் இந்தத் தடை இருந்தது, 1782-ல்தான் எடுத்தார்கள்.

இடையில் ஐரோப்பாவின் ரசனை மாறிவிட்டது. 1760-லிருந்து ஜேம்ஸ் மெக்பெர்சன் என்பவர், ஓசியன் என்ற பழங்காலக் கேலிக் கவியின் பாடல்களை மொழிபெயர்த்ததாகச் சொல்லி வெளியிட்டார். வாய்மொழிக் கதைகளிலிருந்து கொஞ்சம் எடுத்து, மிச்சத்தைத் தானே எழுதியவை அவை. சாமுவேல் ஜான்சன் அப்போதே மோசடி என்று சொன்னார். ஆனாலும் ஐரோப்பா மயங்கியது, நெப்போலியனே விரும்பிப் படித்தார். பயந்து ஒடுக்கிய மலைநாடு, அடங்கிய பிறகு அழகாகத் தெரிய ஆரம்பித்தது.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். 17-ம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு, ஆளும் அரசர் ஒருவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்தது அப்போதுதான். வரவேற்பை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அவரே லோலேண்டர், எல்லைப்புறத்துக்காரர். விருந்து நடனத்துக்கு வருகிற ஆண்கள் ராணுவச் சீருடையில் இல்லாவிட்டால் ஹைலேண்ட் உடையில்தான் வரவேண்டும் என்று அறிவித்தார்கள். ஊரில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் தங்கள் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று தையற்காரரிடம் ஓடினார்கள். மன்னரின் உடைக்கு மட்டும் 1,354 பவுண்டு செலவு. டார்டன் என்று சொல்லும் கட்டம் போட்ட துணியில் சிவப்புக் கில்ட், உள்ளே தோல் நிறத்தில் கால் சட்டை. டேவிட் வில்கி பின்னால் தீட்டிய ஓவியத்தில் அந்தக் கால் சட்டையைக் காணோம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். க்ளென்கேரியின் தலைவர் அலஸ்டர் மெக்டானல். ஹென்றி ரேபர்ன் தீட்டிய அவருடைய ஆளுயர ஓவியம் எடின்பரோவில் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. தலையிலிருந்து கால்வரை டார்டன், கையில் துப்பாக்கி, சுவரில் கேடயமும் வாளும். அசல் ஹைலேண்டர்களின் சங்கம் என்று ஒன்றை 1815-ல் தொடங்கியவர் அவர். அதே மனிதர் தன் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த கேலிக் குடும்பங்களைக் கிளப்பிவிட்டு ஆட்டுப் பண்ணைக்கு இடம் கொடுத்தவர். ஓவியத்தில் இருக்கும் உடை யாருடையதோ, அவர்கள் கனடாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இது அவர் ஒருவரின் கதை இல்லை. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஹைலேண்ட்ஸ் முழுக்க நடந்த இந்தக் குடிபெயர்ப்பை அங்கே 'கிளியரன்ஸ்' என்று சொல்கிறார்கள். சதர்லாந்து எஸ்டேட்டில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், 1814-ல் வீடுகளுக்குத் தீ வைத்து ஆட்களை வெளியேற்றினார்கள். அதை நடத்திய பேட்ரிக் செல்லர் மேல் வழக்கு வந்தது, 1816-ல் விடுதலையும் ஆகிவிட்டார். 1822-ன் கொண்டாட்டத்துக்கும் இதற்கும் இடையில் ஆறே ஆண்டு.

வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983-ல் ஒரு கட்டுரையில், கில்ட்டும் குலத்துக்கு ஒரு டார்டன் என்ற வழக்கமும் பின்னால் கண்டுபிடித்த மரபுகள் என்று வாதாடினார். குட்டைக் கில்ட்டை வடிவமைத்தவர் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பு ஆலை முதலாளி என்பது அவர் தரப்பு. இதில் பாதி சரி. உடம்பைச் சுற்றி இடுப்பில் வாரால் கட்டும் நீளக் கம்பளி பழையது, கட்டம் போட்ட துணியும் பழையது. இந்தக் கட்டம் இந்தக் குலத்துக்கு என்ற கணக்குதான் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் வந்தது. ஆனால் எனக்கு இந்த விவாதமே குறி தவறிய விவாதமாகத்தான் படுகிறது. எந்த மரபையும் யாரோ ஒரு நாள் தொடங்கித்தான் இருப்பார்கள். இங்கே கேட்க வேண்டியது, யாருடைய துணியை எடுத்து யார் உடுத்தினார்கள், அந்த நேரத்தில் துணிக்குச் சொந்தக்காரர்கள் எங்கே போனார்கள் என்பது. இன்றைக்குக் கல்யாணத்துக்குக் கில்ட் கட்டுகிற கிளாஸ்கோ இளைஞனுக்கு அது அவனுடையது, அதில் சந்தேகமில்லை. கிளாஸ்கோ சீக்கியர்களும் கட்டுகிறார்கள். 2008-ல் சட்டம் போட்டு டார்டன்களுக்கென்று அரசுப் பதிவேடே உருவாக்கினார்கள்.

வால்டர் ஸ்காட்டை வெறும் அலங்காரக்காரராக ஒதுக்கிவிடவும் கூடாது. 1826-ல் லண்டன் அரசு ஸ்காட்லாந்து வங்கிகள் ஒரு பவுண்டு நோட்டு அச்சடிக்கும் உரிமையைப் பறிக்கப் பார்த்தபோது, புனைபெயரில் கடிதங்கள் எழுதி அந்த முயற்சியை முறியடித்தவர் அவர்தான். ஸ்காட்லாந்து வங்கிகள் இன்றும் சொந்த நோட்டு அடிக்கின்றன. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் அவர் முகம் இருக்கிறது. எடின்பரோவின் முக்கிய ரயில் நிலையத்துக்கு வேவர்லி என்று பெயர், அது அவருடைய நாவலின் தலைப்பு. நாவலின் பெயரில் ரயில் நிலையம் வைக்கிற ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது.

உழவன் சேகரித்த பாட்டு

பர்ன்ஸ் வேறு வகை. 1759 ஜனவரி 25-ல் அலோவே என்ற ஊரில், அப்பா தன் கையாலேயே கட்டிய மண் வீட்டில் பிறந்தார். குத்தகை நிலத்தில் ஏர் பிடித்து வளர்ந்தார். 1786-ல் விவசாயம் நொடித்து, காதலும் சிக்கலாகி, ஜமைக்காவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலைக்குக் கப்பலேற இருந்தார். அடிமைகள் உழைத்த தோட்டம். அந்தச் சமயத்தில் கில்மார்னக் ஊர் அச்சகத்தில் 612 பிரதிகள் போட்ட அவருடைய கவிதைப் புத்தகம் விற்றுத் தீர்ந்தது, பயணம் நின்றது. மனித சமத்துவத்தின் கவி அந்த வேலைக்குப் போகச் சம்மதித்திருந்தார் என்பதை ஸ்காட்லாந்தில் இப்போது மறைக்காமல் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும்.

எடின்பரோ மேட்டுக்குடி அவரை 'தெய்வ அருள் பெற்ற உழவன்' என்று கொண்டாடி, ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அறிவுரையும் சொன்னது. ஸ்காட்ஸ் பேச்சை நாக்கிலிருந்து துடைத்தெறிய ஸ்காட்லாந்து அறிவாளிகள் பாடம் எடுத்துக்கொண்ட காலம் அது. பர்ன்ஸ் கேட்கவில்லை. வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகளைப் பாட்டுச் சேகரிப்பில் போட்டார். பகலில் வரி அதிகாரி வேலை. குதிரையில் ஊர் ஊராகப் போகிற வேலை அது, போகிற இடத்தில் மெட்டுக் கேட்பார். ஜேம்ஸ் ஜான்சன் என்ற அச்சுக்காரர் 6 தொகுதிகளில் வெளியிட்ட சுமார் 600 பாட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸ் கொடுத்தது, திருத்தியது அல்லது எழுதியது. சம்பளம் வாங்கவில்லை. எது கிடைத்தது, எது அவர் சேர்த்தது என்று இன்றுவரை பல பாட்டுகளில் பிரிக்க முடியாது. மெக்பெர்சன் செய்ததும் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றலாம். ஆனால் மெக்பெர்சன் தன் எழுத்தைப் பழங்கவியின் பெயரில் விற்றார். பர்ன்ஸ் தன் எழுத்தைப் பெயரில்லாத பாட்டுகளுக்குள் கரைத்துவிட்டார்.

புத்தாண்டு நள்ளிரவில் உலகம் முழுக்கப் பாடுகிற 'ஆல்ட் லாங் சைன்' அப்படி வந்ததுதான். ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாகவே பர்ன்ஸ் சொன்னார். அந்த மெட்டைத்தான் தாகூர் எடுத்து, பழைய நாட்களின் நினைவைப் பற்றிய வங்காளிப் பாட்டாக்கினார்.

பர்ன்ஸ் இறந்து ஐந்தே ஆண்டில், 1801-ல், அலோவே வீட்டில் நண்பர்கள் ஒன்பது பேர் கூடிச் சாப்பிட்டார்கள். அதுதான் இன்று ஜனவரி 25 தோறும் நடக்கும் பர்ன்ஸ் விருந்தின் தொடக்கம். விருந்தின் நாயகன் ஹாகிஸ். ஆட்டின் இருதயம், ஈரல், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து ஆட்டு இரைப்பையில் திணித்து வேகவைப்பது. ஏழை வீட்டில் எதையும் வீணாக்காமல் செய்கிற சாப்பாடு. பேக்பைப் ஊதுகிறவர் முன்னால் நடக்க, சமையற்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வர, எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒருவர் ஹாகிஸைப் பார்த்து பர்ன்ஸின் கவிதையைச் சொல்வார். உழைப்பாளி கத்தியைத் துடைக்கிறான் என்ற வரி வந்ததும் கையிலிருக்கும் கத்தியைத் துடைத்து, ஒரே குத்தில் கிழித்துத் திறப்பார், ஆவி பறக்கும். பிரெஞ்சு ராகூவைச் சாப்பிட்டு நோஞ்சானாகத் திரிகிறவனைப் பார், ஹாகிஸ் தின்கிற நாட்டுப்புறத்தானைப் பார் என்று போகும் கவிதை அது. வேடிக்கைக் கவிதைதான். ஆனால் எதை நினைத்துக் கூச்சப்படச் சொல்லிக் கொடுத்தார்களோ, அதை மேசை நடுவில் வைத்து எழுந்து நின்று வணங்கச் செய்கிறது.

கூச்சம்

இந்தக் கூச்சத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் பேச்சு கொச்சை, தன் ஊர் எழுதத் தகுதியில்லாதது என்று தானே நம்புவது. பள்ளியில் ஸ்காட்ஸ் பேசினால் 'ஒழுங்காகப் பேசு' என்று அடி விழும். கேலிக்குக்கு இன்னும் மோசம். 1872-ன் கல்விச் சட்டம் அந்த மொழியைக் கண்டுகொள்ளவே இல்லை.

1920-களில் கவிஞர் ஹியூ மெக்டயர்மிட் இதை உடைக்கக் கிளம்பினார். 1808-ல் வந்த ஸ்காட்ஸ் அகராதியில் மூழ்கி, வழக்கொழிந்த சொற்களையும் ஊருக்கு ஊர் மாறும் சொற்களையும் அள்ளி, நவீனக் கவிதைக்கான மொழி ஒன்றைச் செய்தார். நாட்டுச் சின்னமான முட்செடியை ஒரு குடிகாரன் இரவெல்லாம் பார்த்துப் பேசுவதாக 1926-ல் அவர் எழுதிய நீண்ட கவிதையில் முதல் அடி விழுவதே பர்ன்ஸ் விருந்துகளுக்குத்தான். பர்ன்ஸ் பெயரில் கூடிக் குடிப்பவர்களுக்கு பர்ன்ஸ் தெரியாது என்பது அவர் கோபம்.

அவர் விட்ட இடத்திலிருந்து, அவரோடு சண்டை போட்டுக்கொண்டே தொடர்ந்தவர் ஹாமிஷ் ஹென்டர்சன். எனக்கு இந்த முழுக் கதையில் மனதுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். இரண்டாம் உலகப் போரில் பாலைவனத்தில் சண்டை போட்டவர், இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷியின் சிறைக் கடிதங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். 1951-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி தொடங்கியபோது, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். போனது எங்கே என்பதுதான் முக்கியம். ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு வாழ்ந்த, ஊர்க்காரர்கள் பக்கத்தில் சேர்க்காத நாடோடிகளிடம் போனார். டிராவலர்கள் என்று சொல்லப்படும் அவர்கள் ஈயம் பூசுவார்கள், குதிரை விற்பார்கள், கோடையில் பிளேர்கௌரி பக்கம் ராஸ்ப்பெரி பறிக்க வருவார்கள். பகல் முழுக்கப் பழம் பறித்து, ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். படித்தவர்கள் செத்துவிட்டதாக நினைத்த நூற்றாண்டுகள் பழைய கதைப்பாடல்கள் அங்கே முழு உயிரோடு இருந்தன. நயாகராவின் கீழே தகர டப்பாவைப் பிடித்தது மாதிரி இருந்தது என்று சொன்னார் ஹென்டர்சன். 1953-ல் அபர்தீனில் ஜீனி ராபர்ட்சனைக் கண்டுபிடித்தார். சாதாரண வீட்டில் இருந்த அந்தப் பெண்ணின் குரல் பிறகு உலகத்து நாட்டுப்புற இசையின் பெரிய குரல்களில் ஒன்றானது.

மெக்டயர்மிட்டுக்கு இது பிடிக்கவில்லை. படிப்பறிவில்லாதவர்களின் பாட்டை வைத்து உயர்ந்த கலை வளருமா என்பது அவர் கட்சி. 1960-களில் இருவரும் பத்திரிகையின் கடிதப் பக்கத்தில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். கவிஞர்கள் ஒருவரையொருவர் வசை பாடும் பழைய ஸ்காட்ஸ் மரபு ஒன்று உண்டு, அதே வேகம். என் தீர்ப்பு ஹென்டர்சன் பக்கம்தான். மெக்டயர்மிட்டின் கவிதை மேதைமை உள்ளது, ஆனால் அதைப் படிக்க அகராதி வேண்டும். ஜீனி ராபர்ட்சனின் பாட்டுக்குக் காது போதும்.

1960-ல் ஹென்டர்சனே ஒரு பாட்டு எழுதினார், பேக்பைப் மெட்டு ஒன்றில், ஸ்காட்ஸ் மொழியில். சுதந்திரத்தைப் பாடுகிற பாட்டு. ஆனால் அதில் ஸ்காட்லாந்து பலியான நாடாக மட்டும் வருவதில்லை. நம் பையன்கள் பைப் ஊதிக்கொண்டு அயல்நாட்டுக்குப் போர்க்கோலத்தில் போன காலம் முடியட்டும், நாம் பாழாக்கிய ஊர்களின் சாபம் முடியட்டும் என்கிறது. தென்னாப்பிரிக்காவின் நியாங்காவிலிருந்து ஒரு கறுப்பினச் சிறுவன் வந்து தூக்குமரங்களைச் சாய்ப்பதாக முடிகிறது. அதைத் தேசிய கீதமாக்கலாம் என்று பலர் சொன்னபோது ஹென்டர்சன் விரும்பவில்லை. 1983-ல் அரசு கொடுத்த பட்டத்தை, தாட்சரின் அணு ஆயுதக் கொள்கையை எதிர்த்து மறுத்துவிட்டார். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் இந்தப் பாட்டைப் பாடியவர் தென்னாப்பிரிக்கப் பாடகி புமேசா மட்சிகிசா.

இந்தப் பாட்டு நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. இலங்கை மலையகத்தில் ஹோலிரூட், பால்மோரல், டன்கெல்ட், எடின்பரோ என்று எஸ்டேட்டுகள் இருக்கின்றன. அங்கே தேயிலையை வணிகப் பயிராக 1867-ல் லூல்கந்துராவில் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். தமிழ்த் தொழிலாளர்கள் லயங்களில் வாழ்ந்து கொழுந்து பறித்த மலைகளுக்கு, துரைமார் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். பேரரசால் இழந்த நாடு, பேரரசால் சம்பாதித்த நாடு, இரண்டும் ஒரே ஸ்காட்லாந்துதான். தன் பாட்டுக்குள்ளேயே இந்த இரண்டாவது உண்மைக்கு இடம் கொடுத்தவர் என்பதால்தான் ஹென்டர்சன் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

செம்மறி, கலைமான், எண்ணெய்

1970-களின் தொடக்கத்தில் வடகடலில் எண்ணெய் கிடைத்தது. 1973-ல் ஜான் மெக்கிராத்தும் 7:84 என்ற நாடகக் குழுவும் ஒரு வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஹைலேண்ட் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். பெயரின் பொருள், 7 சதவீதம் பேரிடம் நாட்டின் 84 சதவீதச் சொத்து. நாடகத்தின் தலைப்பில் மூன்று சங்கதிகள்: செவியட் என்ற செம்மறி இனம், வேட்டைக்கான கலைமான், கறுப்பு எண்ணெய். மூன்று முறை மலைநாட்டுக்கு வெளியிலிருந்து பணம் வந்தது, மூன்று முறையும் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமல் வந்தது என்பதுதான் கதை. 1822-ன் கில்ட் கதையை மறு பக்கத்திலிருந்து சொன்ன நாடகம் என்றும் சொல்லலாம்.

நாடகத்தின் வடிவம்தான் அதன் உயிர். அங்கே 'கெய்லி' என்று ஒன்று உண்டு. குளிர்கால இரவில் ஒரு வீட்டிலோ மண்டபத்திலோ கூடி, ஆளுக்கொரு பாட்டு, கதை, ஃபிடில், கடைசியில் ஆட்டம். நாடகத்தை அந்த வடிவத்திலேயே போட்டார்கள். ஜான் பர்ன் வரைந்த, ஆள் உயரத்துக்கு மேல் விரியும் ஒரு புத்தகம்தான் மேடை அமைப்பு, பக்கத்தைப் புரட்டினால் மலை எழும், அடுத்த பக்கம் இன்னொரு காட்சி. நடிகர்களே பாடுவார்கள், வாத்தியம் வாசிப்பார்கள், வீடு எரித்தவர்களின் பெயரையும் பறிபோன ஊர்களின் பெயரையும் படித்துச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த ஊர்களின் பேரன் பேத்திகள் இருந்தார்கள். கேலிக் பாட்டு வந்தால் கூடவே பாடுவார்கள். நாடகம் முடிந்ததும் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு அதே நடிகர்கள் வாசிக்க எல்லோரும் ஆடுவார்கள். 1974-ல் தொலைக்காட்சியில் வந்து நாடு முழுக்கப் பார்த்தது. 2006-ல் தொடங்கிய ஸ்காட்லாந்து தேசிய நாடக அமைப்பு தனக்கென்று நாடக அரங்கமே வேண்டாம் என்று முடிவெடுத்து, மண்டபம், தொழிற்கூடம், அடுக்குமாடி வீடு என்று போகிற இடத்தில் நாடகம் போடுவதற்குப் பின்னால் அந்த வேனின் நினைவு இருக்கிறது.

அப்புறம் 1979. தன்னாட்சி அவைக்கான வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் ஆதரித்தும், வாக்களிக்காதவர்களையும் சேர்த்து மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையால் தோற்றது. அரசியல் கதவு அடைபட்ட இந்தக் காலத்தில்தான் எழுத்து வெடித்தது. அலஸ்டர் கிரேயின் பெரிய நாவல் 1981-ல் வந்தது. கிளாஸ்கோவில் ஒருவன் நண்பனிடம் சொல்வான்: ஃப்ளாரன்ஸ், பாரிஸ், லண்டனுக்கு முதல்முறை போகிறவனுக்குக்கூட அந்த ஊர்கள் புதிதில்லை, ஓவியத்திலும் நாவலிலும் ஏற்கெனவே பார்த்திருக்கிறான், கிளாஸ்கோவைக் கலைஞன் யாரும் எடுத்தாளவில்லை, அதனால் அங்கே வாழ்கிறவனே அதைக் கற்பனையில் வாழ்வதில்லை. 1994-ல் ஜேம்ஸ் கெல்மன் கிளாஸ்கோ உழைப்பாளிப் பேச்சிலேயே எழுதிய நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தது. நடுவர்களில் ஒருவரே வெளிப்படையாக எதிர்த்தார், லண்டன் பத்திரிகைகளில் கெட்ட வார்த்தைகளை எண்ணினார்கள். தன் பண்பாட்டுக்கும் மொழிக்கும் இருக்க உரிமை உண்டு என்று கெல்மன் பரிசு மேடையிலேயே சொன்னார். மறு ஆண்டு ஹாலிவுட்டில் மெல் கிப்சனின் 'பிரேவ்ஹார்ட்' வந்து உலகத்துக்கு ஸ்காட்லாந்தை மறுபடி பிஸ்கட் டப்பாவாகக் காட்டியது வேறு கதை. 13-ம் நூற்றாண்டு லோலேண்ட் வீரருக்கு அதில் கில்ட் மாட்டியிருந்தார்கள்.

எழுத்தாளர்கள்தான் நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. ஆலைகளும் சுரங்கங்களும் மூடியது, 1989-ல் இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே ஸ்காட்லாந்தில் வருமானம் பார்க்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைவரியைத் திணித்தது, இவை செய்த வேலையை எந்த நாவலும் செய்திருக்க முடியாது. ஆனால் 1997-ல் மறுபடி கேட்டபோது 74.3 சதவீதம் பேர் ஆம் என்றார்களே, அந்த மக்களுக்கு இந்த 18 ஆண்டுகளில் தங்கள் பேச்சைப் பார்த்துக் கூச்சம் குறைந்திருந்தது. அதற்கு எழுத்தும் பாட்டும் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம். 2014-ல் தனி நாடு வேண்டுமா என்ற கேள்விக்கு 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களும் பர்ன்ஸ் விருந்து சாப்பிடுகிறவர்கள்தான். பண்பாட்டில் ஸ்காட்லாந்துக்காரராக இருப்பதற்கும் வாக்குச் சீட்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது.

கேலிக்கின் கணக்கு

கடைசியாக, துணியைக் கொடுத்துவிட்டு நிலத்தை இழந்தவர்களின் மொழி என்ன ஆனது? ராசே தீவில் பிறந்த சோர்லி மெக்லீன் 1954-ல் ஹாலெக் என்ற ஊரைப் பற்றி கேலிக்கில் ஒரு கவிதை எழுதினார். ஹாலெக் அந்தத் தீவில் ஆட்களை வெளியேற்றிய ஊர். மெக்லீன் போய்ப் பார்க்கும்போது இடிந்த சுவர்களும் மரங்களும்தான். பிர்ச் மரங்களெல்லாம் அந்த ஊர்ப் பெண்களாகத் தெரிகிறார்கள், வரிசையாக நடந்து போகிறார்கள், செத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 1981-ல் பாரா தீவில் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்கு கேலிக் பாட்டும் ஃபிடிலும் சொல்லிக்கொடுக்க ஒரு முகாம் தொடங்கினார்கள். அது இன்று டஜன்கணக்கான ஊர்களில் நடக்கிறது.

2005-ல் கேலிக்குக்குச் சட்டம் வந்தது. 2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தால் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ மொழி என்ற நிலை கொடுத்தது. ரயில் நிலையப் பலகைகளில் கேலிக் இருக்கிறது, தொலைக்காட்சி அலைவரிசை இருக்கிறது, கிளாஸ்கோவில் கேலிக் வழிப் பள்ளிகளுக்கு இடம் போதவில்லை. 2022 கணக்கெடுப்பில் மொழியில் ஏதாவது திறன் உள்ளவர்கள் 1,30,000 பேர், பத்தாண்டு முன்பைவிட அதிகம். அதே கணக்கெடுப்பில், மொழியின் கோட்டை என்று சொல்லப்படும் மேற்குத் தீவுகளில் கேலிக் பேசுகிறவர்கள் பாதிக்குக் கீழே போனார்கள். 2020-ல் வந்த ஓர் ஆய்வு, தீவுகளில் அன்றாடப் பேச்சுமொழியாக அதைப் பயன்படுத்துகிறவர்கள் சுமார் 11,000 பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள் என்று எச்சரித்தது. வேலை இல்லாமல் இளையவர்கள் கிளம்புகிறார்கள், காலியாகும் வீடுகளை விடுமுறை இல்லமாக வெளியூர்க்காரர்கள் வாங்குகிறார்கள்.

நாட்டின் அரசவைக் கவி பதவி 2024-ல் பீட்டர் மெக்காயிடம் வந்தது. லூயிஸ் தீவுக்காரர், கேலிக்கில் எழுதுகிறவர். எடின்பரோவில் அவர் கவிதை படித்தால் மண்டபம் நிறைகிறது. தீவுகளில் இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் சமையலறையில் பாட்டியோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை அடுத்த கணக்கெடுப்பு சொல்லும்.